கழிவுமேட்டிலிருந்து எழுந்த ஆடுகளம்: பிராட்ஃபோர்ட் ஒட்சல் ரக்பி லீக் அரங்கின் வரலாறும் வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயர் பகுதியில் அமைந்த பிராட்ஃபோர்ட் நகரின் ஒட்சல் அரங்கம், கைவிடப்பட்ட கற்குழி ஒன்றில் நகரின் வீட்டுக் கழிவுகளைக் கொட்டி உருவாக்கப்பட்ட விளையாட்டுக்களமாகும். 1934 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வரங்கில், 1954 ஆம் ஆண்டு ஒரே மாலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், இதே அரங்கில் 324 பேர் மட்டுமே ஓர் ஆட்டத்தைப் பார்த்தனர். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட சமூக வரலாற்றையும், அரங்கின் நிலவுரிமை, குத்தகை, பாதுகாப்பு ஆகியவை அதன் வளர்ச்சியைத் தீர்மானித்த முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் ஆடுகளத்தின் ஆயுளை அங்கு விளையாடும் கழகத்தின் வெற்றியைக் காட்டிலும் அந்நிலம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதே முடிவு செய்கிறது என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ரக்பி லீக், ஒட்சல் அரங்கம், பிராட்ஃபோர்ட், தொழிலாளர் பண்பாடு, நகராட்சி நிலம், விளையாட்டு வரலாறு.

முன்னுரை

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் வீரர்களின் வரலாறாகவும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவும் எழுதப்படுகிறது. விளையாட்டு நிகழும் இடமோ அவ்வரலாற்றின் பின்புலமாக மட்டுமே சுட்டப்படுகிறது. ஆனால் ஆடுகளம் என்பது நிலம், நிலத்துக்கு உரிமையாளர் உண்டு, உரிமைக்குச் சட்டம் உண்டு, அதனைப் பேணச் செலவு உண்டு. இவற்றை இணைத்து நோக்கும்போது ஓர் அரங்கம் தான் அமைந்துள்ள நகரின் பொருளாதாரத்தையும் சமூக உறவுகளையும் காட்டும் ஆவணமாகிறது. அந்நோக்கில் ஆராய்வதற்கு ஒட்சல் அரங்கம் மிகப் பொருத்தமான சான்றாகும்.

பிராட்ஃபோர்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பளி நெசவால் வளர்ந்த நகரம். ஆலைத் தொழிலாளர்களே அதன் மக்கள்தொகையில் பெரும்பகுதியினர். சனிக்கிழமை நண்பகலுடன் ஆலை வேலை முடிந்து, பிற்பகல் ஓய்வு கிடைக்கத் தொடங்கிய காலத்தில், அவ்வோய்வை நிரப்பிய பொழுதுபோக்காக ரக்பி வளர்ந்தது. யார்க்ஷயர், லங்காஷயர் ஆகிய இரு வட மாவட்டங்களிலும் அது ஆலைத் தெருக்களின் விளையாட்டாக வேரூன்றியது. எனவே ஒட்சலின் கதையைத் தொடங்கும் முன் அவ்விளையாட்டு இரண்டாகப் பிரிந்த கதையைக் காண்பது இன்றியமையாதது.

ரக்பி விளையாட்டின் பிளவும் பிராட்ஃபோர்டும்

இங்கிலாந்தில் ரக்பியின் ஆட்சிப்பொறுப்பு தென்பகுதியைச் சார்ந்த, உயர்தரக் கல்விக்கூடங்களில் பயின்ற வசதி படைத்தோரிடம் இருந்தது. விளையாட்டுக்காக எவரும் பணம் பெறலாகாது என்பது அவர்களது கொள்கை. வடபகுதி ஆலைத் தொழிலாளிக்கோ சனிக்கிழமை வேலையை விட்டு விளையாடச் சென்றால் அன்றைய கூலி இழப்பாகும். அவ்விழப்பை ஈடுசெய்ய ஒரு சிறுதொகை வழங்கவேண்டும் என வடபகுதிக் கழகங்கள் கேட்டன. அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய கழகங்கள் பிரிந்து, வடக்கு ஒன்றியம் என்னும் தனி அமைப்பைத் தோற்றுவித்தன. இதுவே 1922 இல் ரக்பி கால்பந்து லீக் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1906 இல் ஓர் அணிக்கு ஆட்டக்காரர் எண்ணிக்கை 15 இலிருந்து 13 ஆகக் குறைக்கப்பட்டது. விதிகளும் படிப்படியாக மாறின. இவ்வாறு ரக்பி லீக், ரக்பி யூனியன் என இரு வேறு விளையாட்டுகள் உருவாயின. ஒருநாள் கூலியைப் பற்றிய வழக்கே இப்பிரிவின் வேர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

புதிய அமைப்பில் சேர்ந்த கழகங்களுள் பிராட்ஃபோர்ட், மானிங்ஹாம் ஆகிய இரண்டும் பிராட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்தவை. முதல் பருவத்தின் சாம்பியன் பட்டத்தை மானிங்ஹாம் வென்றது. ஆயினும் அக்கழகம் 1903 இல் ரக்பியைக் கைவிட்டுக் கால்பந்துக்கு மாறி, பிராட்ஃபோர்ட் சிட்டி ஆயிற்று. அதன் களமான வேலி பரேடும் கால்பந்துக் களமாயிற்று. 1906 இல் சேலஞ்ச் கோப்பையை வென்ற பிராட்ஃபோர்ட் கழகமும் மறு ஆண்டே கால்பந்தைத் தேர்ந்தது. பார்க் அவென்யூவிலிருந்த அதன் வசதியான களமும் ரக்பிக்கு இல்லாமற் போயிற்று. இம்முடிவை நகரின் ரக்பி ஆதரவாளர்கள் பெருந்துரோகம் என்றே அழைத்தனர். முடிவை ஏற்காத சிறுபான்மையினர் 1907 இல் பிராட்ஃபோர்ட் நார்தர்ன் என்னும் புதிய கழகத்தைத் தொடங்கினர்.

இந்நிகழ்வின் விளைவு நீண்டகாலம் நீடித்தது. நகரின் இரு நல்ல களங்களும் கால்பந்தின் வசம் சென்றன. ரக்பிக் கழகத்துக்குப் பெயரும் ஆதரவாளரும் இருந்தும் சொந்த நிலம் இல்லை. முதற் பருவத்தைக் கிரீன்ஃபீல்டு என்னும் களத்தில் கழித்த அக்கழகம், 1908 இல் பர்ச் லேன் என்னும் சிறிய களத்துக்குக் குடிபெயர்ந்தது. வசதிக்குறைவும் வருவாய்க் குறைவும் உடைய அக்களத்தில் அது கால்நூற்றாண்டைக் கழித்தது.

கற்குழியும் கழிவுமேடும்

பிராட்ஃபோர்டின் தெற்கே உயர்ந்த நிலப்பகுதியில் ஒட்சல் அமைந்துள்ளது. அங்குக் கல் வெட்டியெடுக்கப்பட்டபின் கைவிடப்பட்ட பெருங்குழி ஒன்று இருந்தது. அதனை நகராட்சி கழிவு கொட்டும் இடமாகப் பயன்படுத்தியது. நகராட்சியின் துப்புரவுத் துறை இயக்குநராக இருந்த எர்னஸ்ட் கால், கழிவைக் கண்டபடி கொட்டாமல் திட்டமிட்டுக் கொட்டினால் குழியின் சுற்றுச்சரிவுகளைப் பார்வையாளர் மேடுகளாக வடிவமைக்கலாம் எனக் கண்டார். 1,40,000 வண்டிச் சுமைக் கழிவு இதற்குப் பயன்படுத்தப்பட்டதாகக் கூறப்படுகிறது.

இம்முறையின் இயல்பைச் சற்று விளக்குதல் தகும். கட்டுப்படுத்தப்பட்ட கொட்டல் என அறியப்படும் இம்முறையில், கழிவு குறிப்பிட்ட கனமுடைய அடுக்காகப் பரப்பப்படும். ஒவ்வோர் அடுக்கும் மண்ணால் மூடி இறுக்கப்படும். இதனால் நாற்றமும் எலித்தொல்லையும் தீப்பற்றும் வாய்ப்பும் குறையும். அக்காலத்திய வீட்டுக் கழிவில் பிளாஸ்டிக் கிடையாது. வீடுகள்தோறும் நிலக்கரி எரிக்கப்பட்டமையால் கழிவின் பெரும்பகுதி சாம்பலும் கரித்துண்டுமாகவே இருந்தது. இறுகிப் படியும் தன்மையுடைய அச்சாம்பலே மேடு அமைக்க ஏற்ற பொருளாயிற்று. நகரின் அடுப்புகளிலிருந்து அள்ளப்பட்ட சாம்பலின்மீதே பின்னாளில் நகரமக்கள் நின்று ஆட்டம் பார்த்தனர்.

நகராட்சிக்கு இத்திட்டத்தால் இரட்டைப் பயன் கிட்டியது. கழிவு கொட்ட இடம் கிடைத்தது. பயனற்ற நிலம் பொதுப்பயன்பாட்டு நிலமாகவும் மாறியது. களமின்றித் தவித்த பிராட்ஃபோர்ட் நார்தர்ன் 1933 ஜூன் 20 அன்று பத்தாண்டுக் குத்தகைக்கு உடன்பட்டது. வெம்பிளிக்கு வெளியே நாட்டிலேயே மிகப்பெரிய அரங்கமாக ஒட்சல் அமையும் என்னும் எதிர்பார்ப்பு அப்போது நிலவியது. நிலம் நகராட்சிக்குரியது, கழகம் அதன் குடியிருப்பாளர் என்னும் உறவு அன்று தொடங்கியது. அரங்கின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்வுறவின் விளைவே எனலாம்.

1934 செப்டம்பர் 1 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு கழகத் தலைவர் சர் ஜோசப் டெய்லர் அரங்கைத் திறந்துவைத்தார். சுமார் 20,000 பேர் கூடினர். முதல் ஆட்டத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு 31–16 என்னும் புள்ளிக்கணக்கில் பிராட்ஃபோர்டை வென்றது.

அரங்கின் வடிவமைப்பு

ஒட்சலின் வடிவம் அதன் தோற்றத்திலிருந்தே பிறந்தது. பொதுவாக அரங்குகள் சமதளத்தில் எழுப்பப்பட்டுப் பார்வையாளர் மேலேறிச் செல்வர். ஒட்சலிலோ பார்வையாளர் சாலை மட்டத்தில் நுழைந்து கிண்ணம்போன்ற பள்ளத்துக்குள் இறங்குவர். ஆடுகளம் அக்கிண்ணத்தின் அடியில் உள்ளது. வீரர்களின் உடைமாற்றும் அறைகளும் மேலேயே அமைந்தமையால், அவர்கள் பார்வையாளர் நடுவே நீண்ட படிக்கட்டின் வழியே இறங்கிக் களம் புகவேண்டும். தோற்ற அணி அதே படிகளில் அதே மக்கள் நடுவே மீண்டும் ஏறவேண்டும். வீரர்க்கும் மக்களுக்கும் இடையே திரையில்லாத இவ்வமைப்பு ஒட்சலின் தனித்தன்மையாகக் கருதப்பட்டது.

ஆடுகளத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கான நீள்வட்டத் தடம் அமைந்தமையால் களத்தின் நான்கு மூலைகளும் முழுமையாகச் சதுரமாக அமையவில்லை. பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றிப் புள்ளி பெறும் பகுதி மூலைகளில் வளைந்து குறுகியது. இத்தடத்தால் பார்வையாளர் ஆட்டத்திலிருந்து சற்றுத் தொலைவிலேயே நிற்க நேர்ந்தது. பெரும்பகுதி கூரையற்ற திறந்த மேடாகவே நீடித்தது. உயர்ந்த நிலப்பகுதியின் குளிர்காற்றும் மழையும் நேரே வந்து தாக்கும் இடம் அது. மிகுந்த கொள்ளளவும் மிகக் குறைந்த வசதியும் ஒருங்கே அமைந்த அரங்கம் என ஒட்சலைச் சுருக்கமாக வரையறுக்கலாம்.

எழுச்சிக் காலம்

இரண்டாம் உலகப்போர் காலத்திலும் அதன்பின் வந்த பத்தாண்டிலும் ஒட்சல் புகழின் உச்சியை எட்டியது. 1944 இல் இரு ஆட்டங்களாக நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியின் இரண்டாவது ஆட்டம் ஒட்சலில் நிகழ்ந்தது. அதில் விகன் அணியை வென்று பிராட்ஃபோர்ட் நார்தர்ன் கோப்பையைப் பெற்றது. 1947, 1948, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அக்கழகம் வெம்பிளி இறுதியாட்டத்தில் கலந்துகொண்டது. 1947 இல் லீட்ஸையும் 1949 இல் ஹாலிஃபாக்ஸையும் வென்றது. 1948 இல் விகனிடம் தோற்றபோதிலும், ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான லான்ஸ் டாட் விருது பிராட்ஃபோர்டின் ஃபிராங்க் விட்கோமுக்கு வழங்கப்பட்டது. தோற்ற அணியின் வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

1945 இல் ஒட்சலில் ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் தடப்பந்தயம் தொடங்கியது. போர்க்காலக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுபட்ட மக்கள் பொழுதுபோக்குக்குத் திரண்ட காலம் அது. 1951 அக்டோபர் 31 அன்று நியூசிலாந்து அணிக்கு எதிரான ஆட்டம் மின்விளக்கு ஒளியில் நடத்தப்பட்டது. வேலைநாளின் மாலையிலும் ஆட்டம் நடத்தலாம் என்பதை அது காட்டியது. ஆலைத் தொழிலாளியின் ஓய்வுநேரத்தைச் சார்ந்து வளர்ந்த விளையாட்டுக்கு இது சிறிய மாற்றமன்று.

1954 மே 5: எண்ணிக்கையும் அதன் பொருளும்

ஒட்சலின் பெயரை உலக ரக்பி லீக் வரலாற்றில் நிலைநிறுத்தியது 1954 ஆம் ஆண்டின் நிகழ்வாகும். அவ்வாண்டு சேலஞ்ச் கோப்பை இறுதியில் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் வெம்பிளியில் மோதின. ஆட்டம் 4–4 எனச் சமநிலையில் முடிந்தது. மறுஆட்டம் மே 5, புதன்கிழமை மாலையில் ஒட்சலில் நடத்த முடிவாயிற்று. ஹாலிஃபாக்ஸ் பிராட்ஃபோர்டின் அண்டை நகரம். லங்காஷயரின் ரக்பி நகரங்களிலிருந்தும் ஒட்சலுக்கு ஒரே மாலையில் வந்து திரும்பலாம். லண்டன் சென்றுவரப் பயணச்செலவும் விடுப்பும் இல்லாத தொழிலாளிக்கு, இறுதியாட்டமே தன் ஊருக்கு அருகில் வந்தது போலாயிற்று.

வேலை முடிந்ததும் மக்கள் ஒட்சலை நோக்கித் திரண்டனர். சாலைகள் நிரம்பின. ஆட்டம் தொடங்கியபின்னும் வந்துகொண்டிருந்தவர் பலர். அதிகாரபூர்வ எண்ணிக்கை 1,02,569. வேலிகளைக் கடந்து நுழைந்தோரையும் சேர்த்தால் உண்மையான கூட்டம் 1,20,000 அளவில் இருக்கும் எனவும் மதிப்பிடப்படுகிறது. வாரிங்டன் 8–4 என வென்றது. ரக்பி லீக் ஆட்டமொன்றுக்குக் கூடிய மிகப்பெரிய கூட்டம் என்னும் சிறப்பு 1999 இல் சிட்னி நகரின் ஒலிம்பிக் அரங்கில் முறியடிக்கப்படும் வரை ஒட்சலுக்கே உரியதாயிருந்தது.

இவ்வெண்ணை ஆராயும்போது இரு செய்திகளைக் கருத்திற்கொள்ளவேண்டும். முதலாவதாக, அதிகாரபூர்வ எண்ணிக்கை என்பது நுழைவாயிலில் கட்டணம் செலுத்தியோரின் கணக்கேயன்றி உள்ளே இருந்தோரின் கணக்கன்று. ஆதலால் 1,20,000 என்பது மதிப்பீடாக மட்டுமே கொள்ளத்தக்கது. இரண்டாவதாக, அன்று களத்தில் இருந்த இரு அணிகளுள் எதுவும் பிராட்ஃபோர்டு அணியன்று. எனவே அக்கூட்டம் ஒட்சலின் உள்ளூர்க் கழகத்துக்கான ஆதரவின் அளவுகோலாகாது. வடபகுதித் தொழிலாளர் சமூகம் முழுவதும் தனக்கென ஒரு பேரரங்கை நாடியதன் வெளிப்பாடாகவே அதனைக் கொள்ளல் பொருந்தும். வடக்கின் வெம்பிளி என்னும் கனவு அன்றொரு மாலை நனவாயிற்று. 1960 ஆம் ஆண்டின் சாம்பியன் பட்ட இறுதியாட்டத்தில் விகனும் வேக்ஃபீல்டு டிரினிட்டியும் மோதியபோதும் 83,190 பேர் ஒட்சலில் கூடினர்.

வீழ்ச்சியும் மறுபிறப்பும்

பேராட்டங்களுக்கு எண்பதாயிரம் பேர் கூடிய அதே காலத்தில், உள்ளூர்க் கழகத்தின் வார ஆட்டங்களுக்கு வருவோர் குறைந்துவந்தனர். வீடுகளில் தொலைக்காட்சி நுழைந்தது. மகிழுந்து வைத்திருப்போர் பெருகினர். கம்பளி ஆலைகள் தளரத் தொடங்கின. அணியின் ஆட்டத்தரமும் தாழ்ந்தது. 1963 நவம்பரில் பாரோ அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 324 பேர். ஒரு லட்சம் பேரைத் தாங்கிய கிண்ணத்தில் 324 பேர் நிற்பது எத்தகைய காட்சியாயிருந்திருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. பேரரங்கின் பரப்பே வெறுமையை மிகுத்துக் காட்டியது. மறுமாதமே கழகம் கலைந்தது, அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் நடைபெறவில்லை.

மீட்சி மக்களிடமிருந்து வந்தது. 1964 ஏப்ரலில் நடந்த பொதுக்கூட்டத்தில் சுமார் 1,500 ஆதரவாளர்கள் கூடினர். முன்னாள் வீரர்களான டிரெவர் ஃபாஸ்டரும் ஜோ ஃபிலிப்ஸும் அவர்களிடையே உரையாற்றிக் கழகத்தை மீண்டும் நிறுவ முன்னின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய கழகம் ஒட்சலில் ஆட்டத்தைத் தொடங்கியது. கழகம் அழிந்த இடைவெளியில் நிலம் விற்பனைக்கு வரவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அது நகராட்சியின் உடைமையாயிருந்ததால் கடன்காரர் அதன்மீது கைவைக்க இயலவில்லை. திரும்பிவர ஓர் இடம் இருந்ததால்தான் கழகம் திரும்பிவந்தது.

1985: இரு அரங்குகளின் கதை

1985 மே 11 அன்று பிராட்ஃபோர்ட் சிட்டி கால்பந்துக் கழகத்தின் வேலி பரேடு அரங்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பழைய மரப்பார்வையாளர் மேடை தீப்பற்றியது. சில நிமிடங்களில் மேடை முழுவதும் எரிந்தது. 56 பேர் உயிரிழந்தனர். மரப்பலகைகளின் இடைவெளி வழியே விழுந்து பல ஆண்டுகளாக மேடையின் அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தீ பற்றியதே விபத்தின் காரணம் என விசாரணை கண்டறிந்தது.

ஒட்சலும் வேலி பரேடும் ஒரே நகரத்தின் இரு அரங்குகள். ஒன்றில் கழிவு திட்டமிட்டு அடுக்கப்பட்டு மண்ணால் மூடப்பட்டு நிற்கும் நிலமாயிற்று. மற்றொன்றில் எவரும் கவனியாது விட்ட குப்பை உயிர்களைப் பலிகொண்டது. பராமரிப்பு என்பது விளையாட்டு நிருவாகத்தின் சிறுபணியன்று, அதுவே அதன் முதற்கடமை என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

களமிழந்த பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு ஒட்சல் இடமளித்தது. வேலி பரேடு மீண்டும் கட்டப்பட்டு 1986 டிசம்பரில் திறக்கப்படும் வரை அக்கழகத்தின் ஆட்டங்கள் பல ஒட்சலில் நடந்தன. 1985 இல்தான் உலக ஸ்பீட்வே இறுதிப்போட்டியும் ஒட்சலில் நிகழ்ந்தது. டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் பட்டம் வென்றார். அதே குண்டர்சன் 1989 இல் இதே தடத்தில் நேர்ந்த விபத்தில் படுகாயமுற்றுப் பந்தய வாழ்வை இழந்தார். ஒட்சலைத் தளமாகக் கொண்ட பிராட்ஃபோர்ட் ட்யூக்ஸ் ஸ்பீட்வே அணி 1997 இல் நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்ற கையோடு மூடப்பட்டது.

வேலி பரேடு விபத்துக்குப்பின் விளையாட்டு அரங்குகளின் பாதுகாப்புச் சட்டங்கள் கடுமையாயின. 1987 ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்புச் சட்டம் அவற்றுள் முதன்மையானது. ஒட்சலின் கொள்ளளவும் காலப்போக்கில் பெரிதும் குறைக்கப்பட்டு, சுமார் 27,000 என்னும் அளவுக்கு வந்தது. இது 1954 இல் கூடியோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. அரங்கின் பரப்பு குறையவில்லை, பரப்பைப் பற்றிய சமூகத்தின் பார்வை மாறியது. நெருக்கி நிற்கும் பெருங்கூட்டம் பெருமையின் அடையாளம் என்ற நிலை போய், அதுவே இடர் என உணரப்பட்டது.

கோடைக்கால ரக்பியும் குத்தகைச் சிக்கலும்

1996 இல் ரக்பி லீக் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறி, சூப்பர் லீக் என்னும் புதிய வடிவம் பெற்றது. பிராட்ஃபோர்ட் நார்தர்ன் அவ்வாண்டு பிராட்ஃபோர்ட் புல்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கூரையற்ற ஒட்சலுக்குக் கோடைக்காலம் மிகவும் பொருந்தியது. குடும்பத்தோடு மக்கள் வரத்தொடங்கினர். 1997, 2001, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் பட்டமும், 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் சேலஞ்ச் கோப்பையும் கழகத்துக்குக் கிட்டின. ஒட்சலைப் புதுப்பிக்கும் எண்ணத்துடன் 2001, 2002 பருவங்களில் கழகம் வேலி பரேடில் விளையாடியது. 1985 இல் ஒட்சல் செய்த உதவியை வேலி பரேடு திருப்பிச்செய்தது போன்ற நிகழ்வு இது. ஆயினும் திட்டமிடப்பட்ட பெருங்கட்டுமானம் நிறைவேறாமலேயே 2003 இல் கழகம் ஒட்சலுக்குத் திரும்பியது. அதன்பின் முன்மொழியப்பட்ட விளையாட்டுக் கிராமத் திட்டமும் செயலுக்கு வரவில்லை.

களத்தில் பெற்ற வெற்றி நிதிநிலையைக் காக்கவில்லை. 2012 ஜனவரியில் ஒட்சலின் நீண்டகாலக் குத்தகை உரிமையை ரக்பி கால்பந்து லீக் அமைப்பே கழகத்திடமிருந்து வாங்கியது. அதே ஆண்டில் ஆதரவாளர்கள் நிதி திரட்டியும் கழகம் நொடிப்பு நிருவாகத்துக்கு உட்பட்டது. 2017 ஜனவரியில் அந்நிறுவனம் முற்றாகக் கலைக்கப்பட்டது. புதிய நிறுவனமொன்று அதே பெயரில் தொடர்ந்தது, அப்பருவத்தை 12 புள்ளிகள் குறைவாகத் தொடங்கிக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2019 இறுதியில் ஒட்சலைப் பேணும் செலவு தாளாமல் கழகம் ட்யூஸ்பரி நகருக்கு இடம்பெயர்ந்து, 2021 இல் மீண்டும் ஒட்சலுக்கு வந்தது.

இவ்வாறு ஒரே நிலத்தின்மீது மூன்று அடுக்கு உரிமைகள் அமைந்தன. நிலம் நகராட்சிக்குரியது, குத்தகை விளையாட்டின் ஆட்சியமைப்புக்குரியது, பயன்பாடு கழகத்துக்குரியது. இவ்வமைப்பில் நன்மையும் தீமையும் உண்டு. கழகம் நொடித்தாலும் அரங்கம் வீட்டுமனையாக மாறவில்லை. அதேவேளை, தனக்குச் சொந்தமல்லாத அரங்கில் பெருமுதலீடு செய்ய எக்கழகமும் தயங்கும். நகராட்சியும் தான் நேரடியாகப் பயன்படுத்தாத அரங்கில் வரிப்பணத்தைச் செலவிடத் தயங்கும். ஒட்சல் அழியாமலும் வளராமலும் நிற்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

அரங்கமும் மாறிய நகரமும்

ஒட்சலின் வரலாற்றில் மற்றொரு வினாவும் எழுகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்பளி ஆலைகளின் இரவுப்பணிக்கு ஆள் தேவைப்பட்டபோது, பாகிஸ்தானின் மீர்பூர் பகுதியிலிருந்தும் பஞ்சாப், குஜராத் பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் பலர் பிராட்ஃபோர்டில் குடியேறினர். இன்று நகரின் மக்கள்தொகையில் அவர்தம் வழிவந்தோர் கணிசமான பகுதியினர். ஆனால் ஒட்சலின் பார்வையாளரிடையே அவர்களது பங்கு நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்துவந்தது. 1995 இல் இக்ரம் பட் இங்கிலாந்து ரக்பி லீக் அணியில் இடம்பெற்று, இங்கிலாந்துக்காக ரக்பி ஆடிய முதல் தெற்காசிய மரபினரானார். ஆயினும் தனிமனிதச் சாதனை ஒன்று சமூக இடைவெளியை நிரப்பிவிடாது. ஆலைத் தொழிலாளரின் கூலி இழப்பிலிருந்து பிறந்த விளையாட்டு, அதே ஆலைகளின் பிற்காலத் தொழிலாளரைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. இரவுப்பணி, மொழித்தடை, இனவெறுப்பு, கிரிக்கெட்டின் மீதான பற்று ஆகியன இதற்குரிய காரணங்களாகக் கருதத்தக்கவை. வருங்காலத்தில் ஒட்சல் நகரின் பொது அரங்காக நிலைக்க வேண்டுமாயின் இவ்விடைவெளி குறைதல் இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒட்சல் அரங்கம் கழகமொன்றின் செல்வத்தால் எழுந்ததன்று. நகராட்சியின் கழிவு மேலாண்மையும் களமற்ற கழகத்தின் தேவையும் சந்தித்த இடத்தில் அது பிறந்தது.

1954 இன் 1,02,569 என்னும் எண்ணும் 1963 இன் 324 என்னும் எண்ணும் முரண்பட்டவையல்ல. முதலாவது வடபகுதித் தொழிலாளர் சமூகத்தின் ஒன்றிணைந்த வெளிப்பாடு, இரண்டாவது உள்ளூர்க் கழகமொன்றின் தனித்த நலிவு. பேராட்டங்களுக்காக அமைக்கப்பட்ட பரப்பு, சிறுகழகத்தின் வார வாழ்வுக்குச் சுமையாயிற்று.

1963, 2012, 2017 ஆகிய நெருக்கடிகளில் கழகத்தின் நிறுவனம் சிதைந்தபோதும் அரங்கம் நிலைத்தது. நிலம் பொது உடைமையாயிருந்தமையே அதற்குக் காரணம். அதே பொது உடைமை, யார் செலவிடுவது என்னும் வினாவுக்கு விடையில்லாதபோது வளர்ச்சியைத் தடுக்கவும் செய்தது.

பேணுதலின் பொறுப்பை வரையறுக்காத உடைமை எத்தகையதாயினும் நிறைவானதன்று. வேலி பரேடின் எரிந்த மேடையும் ஒட்சலின் கூரையற்ற மேடும் இவ்வுண்மையை இருவேறு வகையில் உணர்த்துகின்றன. ஒரு நகரம் தான் எறிந்த கழிவைக்கொண்டு தனக்கென ஒரு கூடுமிடத்தை அமைத்துக்கொண்டது அரிய செயல். அவ்விடத்தை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு ஒப்படைப்பது என்பது பிராட்ஃபோர்டின் முன் இன்றும் நிற்கும் வினா.